மழையில்லாத காலையில் போன சிக்னல்

அத்தியாயம் 9

வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. ஆனாலும் டிவி நீலமாக நின்றது.

திரையின் நடுவில் 'சிக்னல் இல்லை' என்று ஒரு கட்டம் தெரிந்தது. சுப்பராயலு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாதம் அடித்த நாளிலிருந்து அவருடைய வலது கையும் வலது காலும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. கேட்டுக்கொண்டிருந்தது ரிமோட் ஒன்றுதான். இன்று அதுவும் கைவிட்டது.

வீட்டில்தான் இந்த நிலை. வெளியே நடுமேட்டுக்குப்பத்தில் இன்னமும் அவர்தான் பெரியதனக்காரர். அவர் சொல்வதுதான் தீர்ப்பு.

அந்த மரியாதை அவருக்குச் சும்மா வரவில்லை. ஏரியில் சுத்துவலை கட்டுவதற்கு ஒவ்வொரு குடும்பத்துக்கும் முறை வைத்து நாள் வரும். அதைப் பாடு என்பார்கள். ஏரிக்குப் போக முடியாதவனுக்குப் பாடு கிடையாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. படுத்த படுக்கையிலேயே சுப்பராயலு அந்தக் கட்டுப்பாட்டைத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். தன் பாட்டை ஊரிடம் திருப்பிக் கொடுத்தார். ஊர் கையெடுத்துக் கும்பிட்டது. மகன் ஆதிநாராயணன் கும்பிடவில்லை.

அதற்கப்புறம்தான் ஏரியில் திருட்டு ஆரம்பித்தது. முறைக்காரன் போய் வலை கட்டினால் உள்ளே பாசியும் சேறும்தான் இருந்தன. இரவே யாரோ வந்து வழித்து எடுத்துப் போயிருந்தார்கள். இப்படிப் பல தடவை நடந்தது. கடைசித் தடவை அந்த இடத்தில் ஒரு பனையோலைப் பறி மிதந்தது. அது சந்தியாகுவின் பறி என்று அடையாளம் சொன்னார்கள்.

சந்தியாகு காலனிக்காரர். கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்து, பறியில் போட்டுக்கொள்பவர். கையால் பிடிக்கிறவரிடம் சுத்துவலை ஏது என்று குப்பத்தில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் வேறு ஆளைத் தேட வேண்டியிருக்கும்.

இன்று சாயந்தரம் அம்மன் கோயில் முன்னால் பஞ்சாயத்து. சந்தியாகுவின் குடும்பம் இனி ஏரியில் கால் வைக்கலாமா கூடாதா என்று சுப்பராயலு சொல்லப் போகிறார்.

"மாலதி," என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "இந்தப் பொட்டிக்கு இன்னா வந்துச்சு பாரு. காலையில செத்துப் போவுது, மத்தியானம் உசுரு வருது. பேஜாரா கீது."

மருமகள் மாலதி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். சில மாதங்களாகவே இப்படித்தான் நடக்கிறது என்று அவளுக்கும் தெரியும். எல்லா நாளும் இல்லை. ஒரு நாள் போகும், அப்புறம் பல நாள் நன்றாக இருக்கும், மறுபடி ஒரு நாள் போகும்.

யாரைக் கூப்பிடுவது என்று யோசித்தாள். பொன்னேரியிலிருந்து ஆள் வர இரண்டு நாளாகும். பழவேற்காடு பஜாரில் டிஷ் கடை வைத்திருக்கும் சாம் கூப்பிட்ட குரலுக்கு வருவான். ஆனால் அவன் சந்தியாகுவின் மகன்.

தயங்கித் தயங்கி அதைச் சொன்னாள். கிழவர் முகத்தைச் சுளித்தார். அவன் அப்பன் வழக்கு வேறு, அவன் தொழில் வேறு, தான் இரண்டையும் முடிச்சுப் போடுகிற ஆள் இல்லை என்றார். சொல்லும்போது கொஞ்சம் பெருமையும் இருந்தது.

சாம் உடனே போனை எடுத்தான். குரலில் எந்த மாற்றமும் இல்லை. ரிமோட்டில் மெனுவுக்குப் போகச் சொன்னான், பிறகு செட்டிங், பிறகு சிக்னல். திரையில் இரண்டு பட்டைகள் வந்தன. மேலே இருப்பது ஸ்ட்ரெங்த், கீழே இருப்பது குவாலிட்டி, இரண்டும் எப்படி இருக்கின்றன என்று கேட்டான். மேல் பட்டை பச்சையாக நிறைந்திருந்தது. கீழ் பட்டை ஓரமாகச் சிவப்பில் துடித்துக்கொண்டிருந்தது.

"அப்ப ஒயரு நல்லா கீது, பொட்டியும் நல்லா கீதுக்கா," என்றான். "டிஷ்ஷு முன்னால எதுவோ மறைக்குது. மரம் கிரம் வளந்துச்சா?"

"இந்த உப்பு மண்ணுல மரம் எங்கடா வளரும்?"

"மழைக்கு இப்புடி ஆவும். அங்க மழையா?"

"வெயிலு மண்டைய பொளக்குது."

சாம் சிரித்தான். மேலே ஏறி ஒரு தரம் பார்க்கச் சொன்னான். காக்கா கூடு கட்டியிருந்தாலும் இப்படி ஆகும், தள்ளிவிட்டால் சரியாகிவிடும், இல்லாவிட்டால் தானே வருவதாகச் சொல்லிப் போனை வைத்தான்.

சுனாமிக்கு அப்புறம் கட்டிக் கொடுத்த வீடு அது. மாடிக்குப் படிக்கட்டு கிடையாது, பின்பக்கம் சாத்திய இரும்பு ஏணிதான். மாலதி மாடிக்கு ஏறி மாசக்கணக்காகிவிட்டது. புழுக்கம் தாங்கவில்லை என்று ஆதிதான் இரவில் மேலே போய்ப் படுத்துக்கொள்கிறான்.

ஏணியின் கடைசிப் படியில் நின்று தலையைத் தூக்கினாள். அப்படியே நின்றுவிட்டாள்.

டிஷ்ஷுக்குச் சேலை கட்டிவிட்டதுபோல் ஒரு வலை அதன்மேல் மடித்துப் போடப்பட்டிருந்தது. தரையில் விரித்தால் மாடிச் சுவருக்குள் தண்ணீர் தேங்கும். உயரத்தில் போட்டால் வடிந்துவிடும். போட்டவன் அந்தக் கணக்கில் போட்டிருந்தான். கண்ணிக்குக் கண்ணி தண்ணீர் முத்து முத்தாய் நின்றது. முடிச்சுகளில் பச்சைப் பாசி. கீழ்க் கயிற்றின் அருகே ஒரு குஞ்சு இறால் சிக்கிக் கிடந்தது. மாலதி விரலால் தொட்டாள். அது துள்ளியது.

மழை பெய்தால் போகிற சிக்னல், இந்த ஈரத்துக்கும் போயிருக்கிறது. வெயில் ஏறி வலை காய்ந்ததும் திரும்பி வந்திருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

குப்பத்தில் எல்லோரும் வலையைக் கரையில்தான் காயப் போடுவார்கள். எவன் வலை ஈரம், எவன் வலை காய்ந்தது என்று போகிற வருகிற எல்லோருக்கும் தெரியும். முறை வராத வீட்டில், கரைக்கு வராமல், மொட்டைமாடியில் ஒளிந்துகொண்டு ஒரு சுத்துவலை ஈரமாகக் கிடக்க ஒரே காரணம்தான் உண்டு. வலை கொட்டகையில் பூட்டிக் கிடக்கிறது என்று நேற்றுக்கூட ஆதி சொன்னான். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னான்.

மாலதி அழவில்லை. முதலில் வந்தது பயம்தான். ஊர் பாட்டைத் திருடியவனுக்கு என்ன நடக்கும் என்று அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். கோடி வீட்டு ராமனுக்கு அது நடந்தது. பாடு போனது. குழாயடியில் அவன் பெண்டாட்டியின் குடத்தை நகர்த்தி வைத்தார்கள். அவன் அம்மா செத்தபோது பாடை தூக்க வெளியூரிலிருந்து ஆள் வந்தது. அந்த வீட்டில் இப்போது நாய்தான் படுத்திருக்கிறது.

வலையை எடுத்து ஒளிக்க வேண்டும். அது ஒன்றுதான் தோன்றியது.

இழுத்தாள். ஈர வலை பிணம்போல் கனத்தது. டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியில் கண்ணிகள் மாட்டிக்கொண்டிருந்தன. பலங்கொண்ட மட்டும் இழுத்தாள். உப்புக் காற்றில் அரித்துப்போயிருந்த போல்ட் கிறீச்சிட்டது. டிஷ் முழுசாகத் திரும்பி, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டது. வலை மட்டும் வரவில்லை.

"மாலதி," கீழேயிருந்து கிழவரின் குரல். "இருந்ததும் போச்சு. ரெண்டு கோடும் காலி. இன்னாத்த பண்ண?"

அதற்குள் வாசலில் பைக் வந்து நின்றது. சாம் பக்கத்தில்தான் எங்கோ வேலையாக இருந்திருக்கிறான்.

அவள் இறங்கி ஓடினாள். எல்லாம் சரியாகிவிட்டது, நீ போ என்று வாசலிலேயே மறித்துச் சொன்னாள். அவன் அவளுடைய ஈரக் கையைப் பார்த்தான்.

"எது சரியாச்சு?" உள்ளேயிருந்து கிழவர் கேட்டார். "நீ வாடா சாமு. அவளுக்கு இன்னா தெரியும்? மேல ஏறிப் பாரு. மாலதி, நீ வாசப்படியில நில்லு. அவன் கேக்கறத எனக்குச் சொல்லு, நான் சொல்றத அவனுக்குச் சொல்லு."

டிஷ் திருப்புகிற எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம். மேலே ஒருவர், டிவி முன்னால் ஒருவர், நடுவில் ஒருவர். மாலதி நடுவில் நின்றாள்.

சாமின் செருப்புச் சத்தம் ஏணியில் ஏறியது. அவன் மாடியில் கால் வைத்ததும் அவள் கத்தினாள்.

"வந்துடுச்சு சாமு. எறங்கிடு."

"எங்க வந்துச்சு?" என்றார் கிழவர். "நீலமா நிக்குது. கண்ணு தெரியாதவன்னு நெனச்சியா?"

மேலேயிருந்து சாம் சிரித்தான். "அக்கா, நான் இன்னும் கையே வெக்கல. பாத்த பார்வையிலயே சரியாச்சுன்னா நான் கடைய மூடிட்டு சாமியாரா போயிடுவேன்."



மாலதி கூரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏதோ கனமான பொருளைத் தரையில் இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. பிறகு ஸ்பேனர் சத்தம்.

"வருதா?"

"வருதா மாமா?"

"வரல."

"வரலையாம்."

"இப்ப?"

"கீழ்க்கோடு கொஞ்சம் ஏறுது. இன்னும் திருப்பச் சொல்லு."

சொன்னாள். வேறு எதையும் அவளால் சொல்ல முடியவில்லை. கிழக்கே கொஞ்சம், மேலே கொஞ்சம் என்று கிழவர் ஏரியில் படகைத் திருப்புகிறவர்போல் உற்சாகமாகிவிட்டார். கடைசியில் படம் வந்தது. கண்ணாடிபோல் வந்தது. பச்சை பிடித்திருந்த கனெக்டரையும் மாற்றி, போல்டுக்கு கிரீஸ் தடவி, சாம் கீழே இறங்கினான்.

மேலே ஏற முடியாதவர்களுக்கு வேலையைப் போட்டோ எடுத்துக் காட்டுவது அவன் பழக்கம். போனைக் கிழவரின் இடது கையில் கொடுத்தான்.

"இத பாருங்க பெரியவரே. டிஷ்ஷு மேல ஈர வலைய போட்டா சிக்னல் எப்புடி வரும்? மழ பேஞ்ச மாதிரிதான். காஞ்சா தன்னால வந்துடும். அதான் உங்களுக்கு மத்தியானம் வருது. காலையில மட்டும்தான்..."

அங்கே அவன் பேச்சு மெதுவாகி, நின்றது.

சுப்பராயலு போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தின் வலது பாதி எப்போதும் அசையாது. மாலதி பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடது பாதியும் அசைவற்றுப் போனது.

"நல்லா வேல பண்ண," என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். "கூலி எவ்ளோ?"

"இன்னிக்கி வேணாம் பெரியவரே." சாம் பையைத் தோளில் மாட்டினான். "இன்னிக்கி உங்க கையால எதுவும் வாங்காதன்னு அப்பா சொன்னாரு. ஊரு தப்பாப் பேசுமாம். நீங்க நியாயமாத்தான் சொல்லுவீங்கன்னு அவருக்கு நம்பிக்க."

அவன் போனதும் கிழவர் ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தார்.

ஆதி சாப்பாட்டு நேரத்துக்கு வந்தான். மாலதி சோறு போட்டாள். கிழவர் சுற்றி வளைக்கவில்லை, வலையைப் பற்றி நேராகவே கேட்டார். ஆதியும் மறைக்கவில்லை. மாட்டிக்கொண்டவனின் பதற்றமே அவனிடம் இல்லை. வெகுநாளாய்ச் சொல்லக் காத்திருந்தவனைப்போல் சொன்னான். வேறு எவனுடைய நாளிலும் தான் போகவில்லை என்றான். நைனா பாடு கொடுக்காமல் இருந்திருந்தால் எந்தெந்த நாள் இந்த வீட்டுக்கு வந்திருக்குமோ, அந்த நாட்களில் மட்டும் போனான்.

"அது ஊரான் பாடு இல்ல நைனா. உன்னோடது. எனக்குக் குடுத்திருக்கணும். நீ ஊருக்குக் குடுத்து கும்புடு வாங்கின."

சுப்பராயலு தன் தட்டை இடது கையால் தள்ளி வைத்தார்.

மாலதிதான் கேட்டாள். "அந்தப் பறி எப்புடி அங்க வந்துச்சு?"

ஆதி சோற்றைப் பிசைந்தான். கொஞ்சம் குழம்பு ஊற்று என்றான். அவள் ஊற்றாமல் நின்றாள். அவனே கரண்டியை எடுத்து ஊற்றிக்கொண்டு தின்றான். ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் தின்றான்.

அவனோடு இத்தனை வருஷம் குடித்தனம் செய்திருக்கிறாள். அவன் கோபம் தெரியும், குடி தெரியும். இந்த நிதானம் அவளுக்குப் புதிது.

வெயில் சாயத் தொடங்கியதும் கிழவர் வெள்ளை வேட்டி கேட்டார். கட்டிவிடக் குனிந்தபோது அவள் காதருகே பேசினார். குரலில் தீர்ப்புச் சொல்கிற தோரணை வந்துவிட்டிருந்தது.

"சந்தியாகுக்கு ஏரி போனா புள்ள சம்பாத்தியம் கீது. பஜார்ல கட கீது. நம்மள ஊரு தள்ளி வெச்சா நமக்கு இன்னா கீது? அந்த வலைய நல்லா காய வெச்சு, சுருட்டி உள்ள போடு."

"மாமா, நீங்க சொந்தப் பாட்டயே குடுத்தவரு."

"அது என் பாடு," என்றார் சுப்பராயலு. "இது என் புள்ள."

ஆதி அப்பாவைப் பைக்கில் உட்கார வைத்து, விழாமல் இருக்கத் துண்டால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டான். கோயிலுக்குப் போகிற வழியெல்லாம் ஜனங்கள் ஒதுங்கி நின்று கும்பிட்டார்கள்.

மாலதி மாடிக்கு ஏறினாள்.

சாம் ஓரமாகப் போட்டிருந்த வலை மேலே காய்ந்திருந்தது, உள்மடிப்பில் இன்னும் ஈரம் இருந்தது. பாசி வாடவில்லை. அவள் சுருட்டத் தொடங்கினாள். சொன்னதைச் செய்துவிட்டுப் போனால் எதுவும் மாறாது. குழாயடியில் குடம் நகராது. பொன்னேரி மார்க்கெட்டுக்குப் போகிற ஷேர் ஆட்டோவில் சந்தியாகுவின் மனைவி ஆரோக்கியமேரி மட்டும் இனி பக்கத்தில் உட்கார மாட்டாள், விற்க இறால் இருக்காது. அதைத் தாங்கிக்கொள்ளலாம் என்று மாலதி தனக்குச் சொல்லிப் பார்த்தாள்.

மாடியிலிருந்து கோயில் முற்றம் தெரிந்தது. நடுவில் நாற்காலியில் மாமனார். சுற்றி ஊர். ஆதி முன்வரிசையில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தான். தள்ளி, வெயிலில், காலனிக்காரர்கள் ஒரு கொத்தாக நின்றார்கள். சந்தியாகு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கைகூப்பியிருந்தார்.

அவள் போன் அடித்தது. கொத்தின் ஓரத்தில் சாம் காதில் போனை வைத்திருப்பது தெரிந்தது. அவன் முகம் இந்த மாடியைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

"அக்கா," என்றான். சிரிப்பு போயிருந்தது. "அந்த வல நேத்து ராத்திரி எங்க போய்ட்டு வந்துச்சு?"

அவள் சுருட்டிய வலையைக் கீழே வைத்தாள்.

"என் போன்ல போட்டோ கீது. நான் காட்டுனா காலனிக்காரன் எதையோ ஒட்ட வெச்சுட்டான்னுவாங்க. அப்பாவுக்கு நாலு ஒத விழும். உங்க வீட்டு வாயால வந்தாதான் அது பேச்சு. நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்னா வெச்சுடுங்க. நான் உங்கள கேட்டேன்னு யாருக்கும் சொல்ல மாட்டேன்."

மாலதி போனை அணைத்தாள்.

கோயில் முற்றத்தில் சுப்பராயலு இடது கையைத் தூக்கினார். சலசலப்பு அடங்கியது. தீர்ப்புச் சொல்லப் போகிறபோது அப்படித்தான் தூக்குவார்.

மாலதி வலையின் ஒரு முனையைப் பிடித்தாள். சுருட்டியதை உதறினாள். கைப்பிடிச் சுவரின்மேல் போட்டாள், உள்பக்கம் அல்ல, தெருப்பக்கம். முழுசும் தொங்க வேண்டும் என்று மறுமுனையையும் தூக்கி வெளியே தள்ளினாள். சுத்துவலை வீட்டின் முகத்தை மறைத்துக்கொண்டு வாசல்வரை இறங்கியது. மடிப்பில் நின்ற ஏரித் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத் தெரு மணலில் விழுந்தது.

முதலில் பார்த்தது யாரென்று தெரியவில்லை. ஒரு தலை திரும்பியது. பிறகு பக்கத்துத் தலை. பிறகு வரிசை வரிசையாக. தூக்கிய கை தூக்கியபடியே நிற்க, சுப்பராயலுவும் திரும்பிப் பார்த்தார்.

முன்வரிசையில் ஆதி எழுந்தான். வேட்டியை மடித்துக் கட்டினான். யாரும் அவனை மறிக்கவில்லை. கூட்டம் தானாக வழிவிட்டது. அவன் வீட்டைப் பார்த்து நடந்து வரத் தொடங்கினான். கண்ணை மாடியிலிருந்து எடுக்காமல், சாப்பாட்டுக்கு வருகிறவனைப்போல் நிதானமாக வந்தான்.

ஓடி வந்திருந்தால் மாலதிக்கு இவ்வளவு பயம் இருந்திருக்காது.